ஐரிஸ் லோரிங்குக்கு இரண்டு சாவு

டுலேரி, கலிபோர்னியா
3 பிப்ரவரி 1965

திரு. வெஸ்லி கார்மோடி அவர்களுக்கு,

என்னை நினைவிருக்கிறதா, தெரியவில்லை. 1936 அக்டோபரில் உங்கள் ஸ்டுடியோ அலுவலகத்தில் கறுப்பு உடையோடு உட்கார்ந்து, நீங்கள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டவள் நான். ஐரிஸ் லோரிங்கின் அக்கா. ஸ்டுடியோவின் விளம்பர ஆளாக அந்தப் பெயரை அவளுக்கு வைத்தவர் நீங்கள். எங்களுக்கு அவள் இடலீனா போர்ஜஸ், லீனா. நான் இப்போது பிலோமினா அவிலா. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மாடுகளையும் அம்மாவையும் பார்த்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன்.

போன வாரப் பத்திரிகையைப் பார்த்தேன். லீனாவின் வாழ்க்கையை இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு படமெடுக்கின்றனவாம். யார் முந்துவது என்று வக்கீல்கள் வரை போயிருக்கிறதாம். பெரிய கம்பெனியின் படத்துக்கு ஆலோசகர் என்று உங்கள் பெயர் இருக்கிறது. கூட நடித்த கல்யாணமான நடிகர் கைவிட்டதால் ஐரிஸ் லோரிங் விஷம் குடித்துச் சாவதோடு அந்தப் படம் முடிகிறது என்றும் போட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது சில்வேரா வீட்டு அம்மாள் எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் மரியாக்கா, விஷம் குடிச்சவள எப்படி நம்ம மந்திரிச்ச கல்லறையில அடக்கம் பண்ண விட்டாங்க?" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. இருபத்தெட்டு வருடமாக மாதம் தவறாமல் லீனாவுக்குப் பூசை வைத்து வருகிறாள். இந்த மாதம் கோயில் சாமியாரிடம் அவள் பெயரைக் கொடுக்கவில்லை. நான் கேட்டதற்கு, "தற்கொல பண்ணிக்கிட்டவளுக்குப் பூச வெச்சா, அது அவளுக்குப் போய்ச் சேருமா?" என்றாள். நிமோனியாவில்தான் செத்தாள் என்று மறுபடியும் சொன்னேன். "அப்பவும் நீ இதத்தான் சொன்னே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உண்மையில் லீனா குடல்வால் வெடித்துச் செத்தாள். உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதை உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

பிலோமினா அவிலா


லாஸ் ஏஞ்சலிஸ்
11 பிப்ரவரி 1965

மதிப்பிற்குரிய திருமதி அவிலா,

உங்களை மறப்பேனா? அன்று அந்த அறையில் அழாமல் இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். நான்கூட அழுதேன். அது என் வேலையில் ஒரு பகுதி என்று நீங்கள் நினைத்திருக்கலாம். இல்லை.

நான் இப்போது சினிமாக்காரர்களுக்கான முதியோர் இல்லத்தில் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் ஆரஞ்சு மரங்கள். பக்கத்து அறையில் ஒரு பழைய வில்லன் நடிகர், பகலெல்லாம் சீட்டாடித் தோற்கிறார். பழைய ஸ்டுடியோ முதலாளிகள் இந்த இல்லத்தின் குழுவில் இருப்பதால் எனக்கு இந்த இடம் கிடைத்தது. இதையும் மறைக்க விரும்பவில்லை.

உங்கள் தாயாரின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு விஷயத்தை நிதானமாக யோசியுங்கள். எங்கள் படத்தில் அந்தக் காட்சி மிகவும் கண்ணியமாக வருகிறது. ஒரு கண்ணாடிக் கோப்பை, அசையும் திரைச்சீலை, அவ்வளவுதான். உங்களைப் போன்ற அக்கா பாத்திரம் தங்கமானவள். எதிர்க் கம்பெனிக்காரர்கள் எடுப்பது என்ன தெரியுமா? அதில் ஐரிஸ் முழு நேரக் குடிகாரி. காலையில் அவளை எழுப்பி, பிராந்தி ஊற்றிக் கொடுத்து, ஸ்டுடியோவுக்குத் தள்ளிவிடுகிறவள் அவள் அக்கா. எது வெளிவர வேண்டும் என்று நீங்களே தீர்மானியுங்கள். இத்துடன் ஒரு சம்மதப் படிவம் வைத்திருக்கிறேன். குடும்பத்தின் கையெழுத்து எங்களிடம் இருந்தால் அவர்கள் படத்தை நிறுத்த ஒரு வழி பிறக்கும்.

இன்னொன்று. நிமோனியா என்று 1936இல் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். இப்போது வேறொன்று சொன்னால், எந்தக் கையெழுத்தை நம்புவது என்று ஊர் கேட்காதா?

அன்புடன்,
வெஸ்லி கார்மோடி


டுலேரி
22 பிப்ரவரி 1965

திரு. கார்மோடி,

படிவத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

நீங்கள் சொன்ன எதிர்க் கம்பெனி ஆள் வியாழக்கிழமை இங்கேயே வந்துவிட்டார். பெயர் டன்லப். சின்ன வயசு, வெள்ளை ஷூ. தொழுவத்தைத் தாண்டி வருவதற்குள் அந்த வெள்ளை போய்விட்டது. காபி கொடுத்தேன். அவரும் ஒரு படிவம் வைத்திருந்தார்.

"படத்துல நான் பிராந்தி ஊத்திக் குடுக்கறேனாமே?" என்று கேட்டேன்.

"அது நீங்க இல்லம்மா. பேர மாத்திட்டோம்."

"என்ன பேரு?"

"பிலிப்பா."

"எந்த ஊரு?"

"டுலேரிதான். ஆனா பண்ணைய மாத்திட்டோம், திராட்சத் தோட்டம்."

நான் சிரித்துவிட்டேன். லீனா செத்த பிறகு அவளைப் பற்றிய பேச்சில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அந்தப் பையனும் சிரித்தான். அந்தத் தைரியத்தில், "விஷக் கத எங்களுக்கும் வேணுந்தாம்மா. ஆனா அந்தப் புஸ்தகத்தோட உரிமைய அவங்க வாங்கிட்டாங்க" என்றான்.

"எந்தப் புஸ்தகம்?"

ஒரு பழைய பத்திரிகைக்காரர் எழுதிய புத்தகமாம். அவர் செத்துப்போய்விட்டார். லீனா விஷம் குடித்ததாக அதில்தான் முதன்முதலில் எழுதியிருக்கிறதாம். "அவருக்கு அதச் சொன்னது யாருன்னு நெனக்கிறீங்க? அந்தக் கார்மோடிதான். ஊர்ல எல்லாருக்கும் தெரியுமே" என்றான்.

எனக்குத் தெரியாது. நீங்கள் நிமோனியா என்று சொல்லச் சொன்னீர்கள், சொன்னேன். ஸ்டுடியோ டாக்டர் மீது பழி வந்தால் லீனாவின் பெயரும் நாறும் என்றீர்கள், நம்பினேன். அந்தப் பக்கம் ஒரு சாவு, இந்தப் பக்கம் ஒரு சாவு என்று நீங்கள் இரண்டு செய்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

அந்தப் பையன் சொன்னது உண்மையா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுதுங்கள். ஆரஞ்சு மரமெல்லாம் வேண்டாம்.

பிலோமினா அவிலா


லாஸ் ஏஞ்சலிஸ்
2 மார்ச் 1965

திருமதி அவிலா,

ஆமாம்.

நர்ஸ் ஒருத்தி அந்தப் பத்திரிகைக்காரனிடம் வாயைத் திறந்துவிட்டாள். மூன்று நாள் வலியோடு கிடந்த பெண்ணை ஸ்டுடியோ டாக்டர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை என்று அவன் எழுதவிருந்தான். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அவனுக்கு வேற எதையாவது குடு" என்றார். இதைவிடச் சுவையான ஒன்று என்று அர்த்தம். நான் அவனைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டுபோய், யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டு, விஷக் கதையைக் கொடுத்தேன். அச்சில் வராது என்று எனக்குத் தெரியும். அந்த நடிகர் பெரிய ஆள், எவனும் போட மாட்டான். வாயிலேயே சுற்றும், பிறகு செத்துவிடும் என்று நினைத்தேன். சாகவில்லை.

நான் செய்தது தவறு. ஆனால் இந்தக் கதையில் தவறு செய்தவன் நான் ஒருவன்தான் என்பதுபோல் நீங்கள் எழுதுவதை என்னால் தாங்க முடியவில்லை.

அக்டோபர் 14, புதன்கிழமை. ஒப்பனை அறையிலிருந்து அவள் உங்களுக்கு டெலிபோன் செய்தாள். நான் அந்த அறையில் இருந்தேன். "அக்கா, வந்து என்னக் கூட்டிட்டுப் போ" என்றாள். இதையே மூன்று தடவை சொன்னாள். கடைசியில் ரிசீவரை வைத்துவிட்டு, "நான் நடிக்கறேனாம்" என்றாள்.

இருபத்தெட்டு வருடமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பத்திரிகைக்காரனிடமும் சொல்லவில்லை, படக் கம்பெனியிடமும் சொல்லவில்லை. உங்கள் தாயாருக்கு முழு உண்மை வேண்டுமென்றால் இதுவும் அதில் அடக்கம்.

வெ. கார்மோடி


டுலேரி
30 மார்ச் 1965

திரு. கார்மோடி,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேலாகிறது. பதில் எழுத உட்கார்ந்து எழுந்து போய்விட்டேன், பல தடவை.

நீங்கள் எழுதியது உண்மை. அவள் போன் செய்தபோது மாலைப் பால் கறக்கும் நேரம். ஒரு மாடு கன்று ஈன முடியாமல் நின்றுகொண்டிருந்தது. லீனாவுக்குச் சின்ன வயசில் பால் கறக்கப் போகச் சொன்னால் உடனே வயிற்றுவலி வந்துவிடும். தரையில் சுருண்டு படுத்துக்கொள்வாள். கண்ணீர்கூட வரும். நான் அவள் பங்கையும் கறந்துவிட்டு வந்தால் மேசையில் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள். பிறகு அதையே தொழிலாக்கினாள், ஊரே அவளைப் பார்க்க வரிசையில் நின்றது. நான் இன்னும் கறந்துகொண்டுதான் இருந்தேன். அன்று போனில் அவள் அழுதபோது எனக்கு என் தங்கச்சியின் குரல் கேட்கவில்லை. பழைய கோபம்தான் கேட்டது. "நடிக்காதே லீனா, வேலைய முடிச்சுட்டு வா" என்றேன். லாரி வாசலில்தான் நின்றது. ஐந்து மணி நேரத்தில் போயிருக்கலாம்.

அதனால்தான் உங்கள் தாளில் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் ஏமாற்றியதால் இல்லை. நிமோனியா என்றால் யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்பதால்.

போன வாரம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போன் செய்ததையும் சொன்னேன். இரண்டு நாள் என் கையால் சூப்பு வாங்கிக் குடிக்கவில்லை. பக்கத்துப் பண்ணையிலிருந்து என் நாத்தனார் வந்து கொடுத்தாள். மூன்றாவது நாள் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"அப்ப நிமோனியான்னே. இப்பக் குடல்வால்ங்கறே. ரெண்டையும் நீதான் சொல்றே. உன் மேல பழியப் போட்டுக்கிட்டு அவளக் காப்பாத்தப் பாக்கறியோ என்னவோ, எனக்கு எப்படித் தெரியும்? அந்த ரூம்ல இருந்த வேற யாராவது சொல்லட்டும்."

என்னை நம்பவில்லை, பாருங்கள். என் வாழ்க்கையில் நான் சொன்ன கடினமான உண்மை அது. அதை நான் அன்பால் சொன்ன பொய் என்று அவள் நினைக்கிறாள்.

அந்த அறையில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பது நீங்கள்தான். நான் இப்போது கோபமாக எழுதவில்லை. கேட்கிறேன்.

பிலோமினா


லாஸ் ஏஞ்சலிஸ்
14 ஏப்ரல் 1965

அன்புள்ள பிலோமினா அம்மாள்,

முதலில் ஒன்று. போன கடிதத்தில் அந்த டெலிபோன் விஷயத்தை நான் எழுதியது உண்மைக்காக அல்ல. உங்கள் வாயை அடைக்க. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளுங்கள் என்று எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் படப்பிடிப்புக்குப் போக வேண்டியிருந்தது. விஷம் குடிக்கும் காட்சி. நடிக்கிற பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது, நல்ல பெண். என்னிடம் வந்து மரியாதையாக, "சார், அவங்க கோப்பைய எந்தக் கையில பிடிச்சிருப்பாங்க?" என்று கேட்டாள்.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இடது கை. வலது கையால கழுத்துச் சங்கிலியத் தொட்டுக்கிட்டிருப்பா" என்றேன்.

அவள் அப்படியே செய்தாள். விளக்குப் பிடிக்கிறவர்கள்கூட கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் கண்ணீர் வந்தது. நடக்காத ஒன்றுக்கு, நானே உண்டாக்கிய ஒன்றுக்கு, உங்கள் தங்கை நிஜமாகச் செத்த அன்று அழுததைவிட அதிகமாக அழுதேன். வெளியே வந்து வெயிலில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டேன். பிறகு டாக்ஸி பிடித்து நோட்டரி அலுவலகத்துக்குப் போனேன்.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை மழைக் காட்சி. குழாயில் தண்ணீரை அடித்து அவளை நாளெல்லாம் நனைத்தார்கள். புதன்கிழமை வலது பக்கம் வலி என்றாள், நிமிர முடியவில்லை. டாக்டர் வந்து ஊசி போட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போகணும் டாக்டர்" என்றாள். "நாலே நாள் வேலைதான் பாக்கி. முடிச்சுட்டு ஒரு மாசம் படுத்துக்க" என்றார். என்னைப் பார்த்து, "கார்மோடி, நீயாவது சொல்லேன்" என்றாள். நான் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன். எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தாள். ஆக, உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் அவளைக் கைவிட்டிருந்தோம். ஐந்து மணி நேரத் தொலைவில் இல்லை, ஒரு முழத் தொலைவில் நின்றுகொண்டு.

வியாழக்கிழமை காய்ச்சல். அதன்மேலேயே ஒப்பனை போட்டார்கள். மறுபடி மழை. மதியம் மூன்று மணி இருக்கும். அவள் திடீரென்று நிமிர்ந்து, "வலி போயிடுச்சு" என்று சிரித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். குடல்வால் வெடித்தால் கொஞ்ச நேரம் வலி நின்றுபோகும் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை காட்சி நடுவில் விழுந்தாள். வயிற்றைத் திறந்து பார்த்தபோது சீழ் பரவியிருந்தது. சனிக்கிழமை காலை போய்விட்டாள்.

இதையெல்லாம் சத்தியப் பத்திரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். விஷக் கதையை உண்டாக்கியவன் நான் என்பதும் அதில் இருக்கிறது. பிரதிகளை இரண்டு கம்பெனிகளுக்கும், மூன்று பத்திரிகைகளுக்கும், உங்கள் பிஷப்புக்கும் அனுப்பிவிட்டேன். உங்கள் டெலிபோன் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அது உங்களுடையது.

கார்மோடி


டுலேரி
8 ஜூன் 1965

அன்புள்ள திரு. கார்மோடி,

பத்திரத்தை அம்மாவுக்கு நானே படிக்கக் கூடாது என்று சாமியாரை வரச் சொன்னேன். அவர் எங்கள் போர்ச்சுகீசிய பாஷையில் வரிவரியாகச் சொன்னார். மழைத் தண்ணீர் வந்த இடத்தில் அம்மா, "என்ன மாசம்?" என்று கேட்டாள். அக்டோபர் என்றதும் தன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, சூப்பு கேட்டாள்.

போனைப் பற்றி அதன் பிறகு ஒரே ஒரு தடவை பேசினாள். "அந்த மாடு பொழச்சுதா?" என்றாள். பிழைத்தது, கன்றும் பிழைத்தது என்றேன். தலையை ஆட்டினாள். அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் போவதில்லை.

மே மாதத்திலிருந்து லீனாவுக்குப் பூசை மறுபடி நடக்கிறது. முந்தாநாள் பரிசுத்த ஆவி திருவிழா. லீனா பதினாலு வயசில் இதே திருவிழாவில் ராணியாகக் கிரீடம் வைத்துக்கொண்டு ஊர்வலம் போனாள். அம்மா சக்கர நாற்காலியில் ஊர்வலத்தோடு வந்தாள். சாப்பாட்டுப் பந்தியில் சில்வேரா வீட்டு அம்மாள் தானே வந்து அம்மாவின் தட்டில் இறைச்சி வைத்தாள்.

உங்களுக்கு என்ன ஆயிற்று என்று டன்லப் எழுதியிருந்தான். படத்திலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட்டார்கள், இல்லத்து அறையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று. புது விலாசமும் அவன்தான் கொடுத்தான். பத்திரிகையில் நீங்கள் அனுப்பியது பதினான்காம் பக்கத்தில் நாலு வரி வந்தது, டயர் விளம்பரத்துக்குக் கீழே. அந்தப் பெரிய கம்பெனிப் படம் இலையுதிர் காலத்தில் வருகிறதாம். விஷம் அப்படியேதான் இருக்கிறதாம்.

சின்னக் கம்பெனிப் படம் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். திரையில் பிலிப்பா பிராந்தி ஊற்றும்போது முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எழுந்து போகலாமா என்று நினைத்தேன். போகவில்லை. நான் பிராந்தி ஊற்றிக் கொடுக்கவில்லை. ஆனால் அவள் எழ முடியாமல் கிடந்தபோது வேலைக்குப் போ என்று சொன்னவள் நான்தானே. படம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அம்மா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். "அந்த மனுஷனுக்கு எழுது. கடைசியில அவ யாரையாவது கூப்பிட்டாளான்னு கேளு. என்ன சொன்னாலும் பரவாயில்ல, கேளு" என்றாள்.

தெரிந்தால் எழுதுங்கள்.

பிலோமினா


ஃபோன்டானா
15 ஜூன் 1965

அன்புள்ள பிலோமினா அம்மாள்,

இங்கே தம்பி மகள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். எனக்காக வருத்தப்பட வேண்டாம், சாப்பாடு இல்லத்தைவிட நன்றாக இருக்கிறது.

உங்கள் தாயாரின் கேள்விக்கு மூன்று நாளில் நான்கு பதில் எழுதினேன். "அம்மா" என்று கூப்பிட்டாள் என்று ஒன்று. உங்கள் பாஷையில் ஏதோ ஜெபம் முணுமுணுத்தாள் என்று ஒன்று. உங்கள் பெயரைச் சொன்னாள், கோபமில்லாமல் சொன்னாள் என்று ஒன்று. நான்காவது எனக்கே நினைவில்லை. எல்லாமே நன்றாக இருந்தன. எதை அனுப்பியிருந்தாலும் நம்பியிருப்பீர்கள். கதை கட்டும் அந்தக் கை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. நான்கையும் கிழித்துவிட்டேன்.

எனக்குத் தெரியாது. இதை உங்கள் தாயாரிடம் அப்படியே சொல்லுங்கள். உங்கள் தங்கை யாரைக் கூப்பிட்டாள், கூப்பிட்டாளா இல்லையா, எதுவும் எனக்குத் தெரியாது. அந்தச் சனிக்கிழமை காலை நான் அவள் கட்டிலருகில் இல்லை. அடுத்த அறையில் இருந்தேன். மாலைப் பதிப்புக்குள் போய்ச் சேர வேண்டும் என்று அவளுடைய மரணச் செய்தியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ஏதோ சொல்லும் குரல் காதில் விழுந்தது. பத்தியை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டேன்.

வெஸ்லி கார்மோடி